எட்டாவது லாரியைக் கேட்டு எழுதிய மகனுக்கு

அப்பு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். நானும் சுகம்தான். கோபம் ஒன்றுதான் கூடவே இருக்கிறது, அதற்கு நான் வைத்தியம் பார்ப்பதில்லை. இந்தக் கடிதத்தை உறையில் போட்டிருக்கிறேனே தவிர ஒட்டவில்லை. கொண்டுவருகிற கருப்பையா அண்ணன் படிக்கலாம், மதுரையில் உன்னோடு அறையில் தங்கியிருக்கிற சிநேகிதர்கள் படிக்கலாம், கல்யாணம் ஆனபிறகு உனக்குப் பேசி முடித்திருக்கிற சேவுகம்பட்டிப் பெண்ணும் படிக்கலாம். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் எழுதியிருந்தாயே, ‘அம்மா, பெரியப்பா புது லாரி ஆபீஸ் திறக்கிறார். நம் வீட்டில் இருக்கும் அந்த எட்டாவது லாரியை அங்கே கண்ணாடி அலமாரியில் வைக்க ஆசைப்படுகிறார். கல்யாண மண்டபத்தில் எல்லார் முன்னாலும் நான் அதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன், அப்பா இடத்தில் நின்று கல்யாணத்தை நடத்துகிறவர் அவர்தானே, ஒரு பிளாஸ்டிக் வண்டிக்காக இன்னும் எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பீர்கள்’ என்று. படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நீ மறந்ததுபோல் இருக்கிறாயா, நிஜமாகவே மறந்துவிட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்களும் படிக்கப்போகிறார்கள் என்பதால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா லாரி டிரைவர். லாரி அவருடைய சொந்த அண்ணனுடையது, அதாவது உன் பெரியப்பாவுடையது. திண்டுக்கல் நாகல் நகரில் தகரக் கூரை போட்ட ஆபீஸில் பெரியவர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார், சின்னவர் வெங்காய மூட்டையும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு மைசூருக்கும் மெட்ராசுக்கும் போவார். என் தம்பி, உன் முத்து மாமா, சிங்கப்பூரில் ஒரு பொம்மைக் கடையில் சாமான் இறக்குகிற வேலையில் இருந்தான். அமெரிக்காவிலிருந்து வருகிற பெட்டிகளில் கப்பலில் நசுங்கியதைக் கடைக்காரர் விற்கமாட்டார், வேலையாட்களுக்குக் கொடுத்துவிடுவார். முத்து அதை ஊருக்கு வருகிறவர்கள் கையில் உனக்கென்று கொடுத்தனுப்புவான். முதல் பெட்டி வந்தபோது நீ ஐந்தாம் வகுப்பு. மூடியில் பளபளவென்று ஒரு லாரிப் படம். திறந்தால் உள்ளே லாரி இல்லை. குச்சி குச்சியாக ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் கதவும் சக்கரமும் பம்பரும் முருங்கைக்காய் தொங்குவதுபோல் தொங்கின. “மாமா ஏமாத்திருச்சு” என்று அழுது வாசலில் விட்டெறிந்தாய். தெருவில் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கியது நான். அதைக் குறித்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

எப்படி ஒட்டுவது என்று சொல்லும் தாள் கிழிந்து பாதிதான் இருந்தது. இருந்த பாதியும் இங்கிலீஷ். பசைக் குழாய் கல்லாய் இறுகிக் கிடந்தது. நான் எட்டாவது வரை படித்தவள், லாரிக்குள் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை. ஆனால் உன் அப்பா வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டுத் தூங்கும்போதெல்லாம் பால் சொம்போடு வெளியே போய் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். எது எதன்மேல் உட்காருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். மத்தியானம் உலையை இறக்கி எல்லாரும் சாப்பிட்டபிறகு, சமையல்கட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் பழைய பிளேடோடு உட்காருவேன். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவரிடமிருந்து உன் அப்பா ஒரு குப்பி தின்னர் வாங்கி வந்தார். அதில் ஒரு துளி பட்டால் அந்தப் பிளாஸ்டிக் இளகிப்போகிறது என்று கண்டுகொண்டேன். மிஞ்சிய சட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அதில் போட்டு ஊறவிட்டால் கஞ்சிப் பதத்துக்கு வரும். அதைத் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்துச் செத்த நேரம் பிடித்துக்கொண்டால் போதும், பிறந்ததிலிருந்து ஒன்றாக இருந்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொலைந்துபோன விளக்குக்குப் பாசிமணி, முன்பக்கச் சல்லடைக்குக் கொசுவலை, பின்சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தொங்கவிடத் தோல் கிடங்கில் கழித்துப்போட்ட தோல் துணுக்கு, மேலே மூடுகிற தார்ப்பாய்க்கு உன் அப்பாவின் கிழிந்த காக்கிச் சட்டை. இப்படித்தான் முதல் லாரி எழுந்து நின்றது.

அதில் நான் ஒரு தப்பு செய்தேன். ஸ்டியரிங் இடது பக்கம் வரும்படி பெட்டிக்காரன் துளை போட்டிருந்தான். எனக்கு அது பெட்டிக்காரன் தப்பாகப் பட்டது. இவ்வளவு அழகாகச் செய்தவனுக்கு எந்தப் பக்கம் டிரைவர் உட்காருவார் என்று தெரியவில்லையே என்று திட்டிக்கொண்டே, முன்பலகையை இரண்டாக அறுத்து, திருப்பி ஒட்டி, ஸ்டியரிங்கை வலது பக்கம் கொண்டுவந்தேன். மூன்று நாள் வேலை. உன் அப்பா ட்ரிப் முடிந்து வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏய், அவுக ஊருல வண்டி அந்தப் பக்கமாத்தான் போகும். அதுக்குத்தான் இந்தப் பக்கம் வச்சிருக்கான்.” எனக்கு முகம் சிவந்துபோயிற்று. “இந்த லாரிய ஓட்டப்போறது அவுக இல்ல, நீங்க. நீங்க உக்கார்ற எடத்துலதான் இருக்கணும்” என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். அதன்பிறகு வந்த ஒவ்வொரு வண்டியிலும், காராக இருந்தாலும் லாரியாக இருந்தாலும், தெரிந்தே அறுத்து வலது பக்கம் மாற்றினேன்.

மூன்று வருஷத்தில் ஏழு வண்டி. நாலு லாரி, மூன்று கார். ஒவ்வொன்றும் காய்ந்த மறுநாளே உன் பெரியப்பா வந்துவிடுவார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், தலையில் முந்தானையை இழுத்துக்கொண்டு. “ஆபீஸ்ல வச்சு நாலு பேருக்குக் காட்டிட்டுக் குடுத்துர்றேம்மா” என்று எடுத்துக்கொண்டு போவார். ஒன்றும் திரும்பி வரவில்லை. அவருடைய மேஜைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி செய்து, பூட்டுப் போட்டு வரிசையாக வைத்தார். லோடு பேச வருகிற வியாபாரிகள் பேச்சை விட்டுவிட்டு அதையே பார்ப்பார்களாம். யார் செய்தது என்று கேட்டால், “நம்ம சந்திரன்தான். படிக்கிற நேரம் போக இதான் வேலை” என்பாராம். சந்திரன் அவருடைய மகன், உன்னைவிட நாலு வயது மூத்தவன். பல்பு மாற்றச் சொன்னால் ஹோல்டரையும் சேர்த்துப் பிடுங்குகிறவன். உன் அப்பா இதைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்தார். நானும் இருந்தேன். வீட்டு மருமகள் செய்த லாரி என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கலாம் என்று அந்த மனிதருக்காக நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அந்தச் சமாதானம் பள்ளிக்கூடத்துப் பொருட்காட்சி அன்றைக்குச் செத்தது. சந்திரன் பெயரில் ஏழு வண்டியையும் மேஜையில் பரப்பியிருந்தார்கள். பெட்டிகளைச் சுமக்க உன்னைக் கூட்டிப்போயிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள், அதற்குப் பின்னால் நான். பரிசு சொல்ல வந்தவர் வெளிநாட்டில் படித்த இன்ஜினீயர். ஒவ்வொரு வண்டியாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிக் குனிந்து பார்த்தார். “தம்பி, இதெல்லாம் அமெரிக்க வண்டியாச்சே. எல்லாத்துலயும் ஸ்டியரிங் எப்படி வலது பக்கம் வந்துச்சு?” என்றார். சந்திரன், “வாங்குறப்பவே அப்பிடித்தான் சார் இருந்துச்சு” என்றான். அந்த மனிதர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற உன்னைப் பார்த்தார். “நீ சொல்லு. இதைச் செஞ்சது யாரு?” மூன்று நாள் நான் முன்பலகையை அறுத்தபோது சட்டத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நீ. நீ உன் பெரியப்பாவைப் பார்த்தாய். கயிற்றுக்குப் பின்னால் இருந்த என்னையும் பார்த்தாய், பார்க்கவில்லை என்று மட்டும் இப்போது எழுதிவிடாதே. “அண்ணந்தான் சார் செஞ்சுச்சு” என்றாய். சந்திரனுக்குக் கப்பு கொடுத்தார்கள். உனக்குச் செம்பட்டி வரை லாரியில் முன்சீட்டுப் பயணம் கிடைத்தது. அவ்வளவுதான் உன் விலை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் முதுகில் நாலு வைத்திருந்தால் அன்றோடு போயிருக்கும். வைக்கவில்லை. சோறு போட்டேன், தொட்டுக்கொள்ள வெஞ்சனமும் இரண்டு கரண்டி அதிகமாக வைத்தேன். நீ கேட்கப் பயந்ததை நானும் கேட்காமல் விட்டேன். அது என்னுடைய முதல் தப்பு. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து அது பொய் சொன்னால் சூட்டோடு சூடாகக் கேட்டுவிடு. ஆற வைத்தால் அந்தப் பொய்க்குப் படித்த களை வந்துவிடுகிறது, பன்னிரண்டு வருஷம் கழித்து ‘பிளாஸ்டிக் வண்டிக்காக இன்னுமா’ என்று கடிதம் எழுதுகிறது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஏழு வண்டி போக, கணக்கில் சேராத ஒரு சின்ன சிவப்புக் கார் இருந்தது. அதை மாமா கண்ணில் படாமல் கல்யாணப் புடவை வைத்திருந்த தகரப்பெட்டியில் ஒளித்து வைத்திருந்தேன். மழை முடிந்து பெட்டியைத் திறந்தால், காரின் கூரை இளகிக் குழிந்து, பூச்சிக்காகப் போட்டிருந்த பாச்சை உருண்டை ஒன்று அதில் வெல்லத்தில் கடலை ஒட்டினாற்போல் ஒட்டிக் கிடந்தது. உருண்டை பட்ட இடம் மட்டுமல்ல, அதன் காற்று பட்ட இடமெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை நின்றுவிட்டது. அந்த நிமிஷத்தில் என்ன தோன்றியது என்று நீயே ஊகித்துக்கொள்.

அவசரப்படவில்லை. பங்குனி பிறக்கட்டும் என்று இருந்தேன். மாமாவே ஒருநாள் வந்து, “கரப்பான் தொல்ல தாங்கலம்மா. லாரிக்குப் பின்னால ஒட்டிருக்க தோலக் கடிச்சு வச்சிருக்கு” என்றார். அவர் வாயாலேயே வந்தது. “அதுக்கென்ன மாமா, பாச்சை உருண்டை தாரேன். ஒவ்வொரு வண்டிக்குள்ளயும் ரெண்டு போட்டு, அலமாரிய இறுக்கப் பூட்டி வையுங்க. தெறக்கவே தெறக்காதிய” என்று காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். “நல்ல யோசனக்காரிதான்” என்று மெச்சிக்கொண்டு போனார். தகரக் கூரை, மேற்கே பார்த்த கண்ணாடி, திண்டுக்கல் கோடை. இரண்டு மாதத்தில் ஏழும் தலை தொங்கி, கதவு வழிந்து, சக்கரத்தோடு சக்கரம் பிசைந்து கூழாகிவிட்டன. அவராகத்தான் வந்தார், செருப்பை வெளியே விடக்கூட மறந்து. “ஏம்மா, எல்லாம் உருகிப் போச்சு. மைசூர் செட்டியாரு வேற நாளைக்கு வாராரு, சந்திரன் செஞ்சதப் பாக்கணும்னு. செத்த வந்து பாக்குறியா?” நான் தலை முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். “நான் என்னத்தக் கண்டேன் மாமா? செஞ்ச பிள்ள வீட்லதான இருக்கு. சந்திரன உக்காரச் சொல்லுங்க. கப்பு வாங்குன கையி, ஒரு நிமிசத்துல சரிபண்ணிரும்.” அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என்னவென்று கேட்பார்? நீதான் செய்தாய், நீயே கெடுத்தாய் என்று சொல்ல வேண்டுமானால் முதல் பாதியை ஒத்துக்கொள்ள வேண்டுமே. மறுநாள் சந்திரனுக்குக் காய்ச்சல் என்று அவனை அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன், உனக்கு நினைவிருக்கும். எதற்கு என்று கேட்டாய், சும்மா என்றேன்.

அதில் எனக்கு இன்றுவரை துளி வருத்தம் கிடையாது. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வாரம் உன் அப்பா ட்ரிப்பிலிருந்து வந்தார், இதே கருப்பையா அண்ணனையும் இன்னொரு டிரைவரையும் செம்பட்டியிலிருந்து கூட்டிக்கொண்டு. நேரே ஆபீஸுக்குப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் தட்டில் கை வைக்கவில்லை. “ஏழும் போச்சு” என்றார். “உங்க அண்ணன் அலமாரி, உங்க அண்ணன் மகன் செஞ்ச வண்டி. உங்களுக்கென்ன?” என்றேன் நான், குத்தலாக. நிமிர்ந்து பார்த்தார். “செம்பட்டி டீக்கடையில போயிக் கேளு, யாரு செஞ்சதுன்னு. எம்புட்டுப் பேரக் கூட்டியாந்து காட்டிருக்கேன் தெரியுமா? இது எம் பொண்டாட்டி செஞ்ச லாரி, நான் உக்கார்ற பக்கமா ஸ்டியரிங்க மாத்தி வச்சிருக்கா பாருங்கன்னு நான் சொல்லாத டிரைவரு இந்த ரோட்டுல ஒருத்தன் இல்ல.” “அத அண்ணங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?” என்றேன். “அண்ணங்கிட்ட எப்பிடிச் சொல்றது” என்று எழுந்து கை கழுவிவிட்டார்.

முதலாளிக்கு முன்னால் வாயைத் திறக்காத மனிதர், அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து அலமாரி முன்னால் நின்று, ஊர் ஊராக எனக்குச் சாட்சி சேர்த்திருக்கிறார். என் பெயர் மைசூர் ரோடு முழுக்கப் போயிருக்கிறது, வீட்டுக்குள் இருந்த எனக்குத்தான் தெரியவில்லை. அந்த ஏழு வண்டியையும் அவர் கண்ணில் படாமல் கரைத்தது நான். உருண்டை கொடுத்த கதையை அவரிடம் சொல்லவில்லை. முத்து அனுப்பிய கடைசிப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. அந்த மாதிரி வண்டி செய்வது அமெரிக்காவிலேயே நின்றுபோய்விட்டதாம், இனி அந்த அச்சில் வராது என்று எழுதியிருந்தான். அதை எடுத்து, அவர் ஓட்டிய லாரி மாதிரியே, அதே பச்சை, அதே நம்பர், நெற்றியில் ஊசிமுனையால் எழுதிய ‘முருகன் துணை’, வலது பக்கம் ஸ்டியரிங் என்று எட்டு மாதம் செய்தேன். அதுதான் எட்டாவது. அவர் ட்ரிப்புக்குக் கிளம்பும்போதெல்லாம் அதன் கூரையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “வாரேன்” என்பார். என்னிடமா லாரியிடமா என்று நான் கேட்டதில்லை. போன வருஷம் காய்ச்சலில் படுத்தபோதும் அது தலைமாட்டில்தான் இருந்தது. உருண்டை விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். சொல்லாமலே அவரைக் கடைசியாக வழியனுப்பிவிட்டேன். அது இரண்டாவது தப்பு, அதற்குப் பரிகாரம் இல்லை.

அப்பு, நாளைக்கு உன் வீட்டுக்கு வரப்போகிறவள் தையல் நன்றாகப் போடுவாள் என்று எழுதியிருந்தாய். அவள் தைத்ததை யாராவது பார்த்து மெச்சினால் அவள் பெயரைச் சொல். டீக்கடையில் சொன்னால் போதாது. யார் முன்னால் சொல்லக் கூச்சமாக இருக்கிறதோ அங்கே சொல். உன் அப்பா நல்ல மனிதர், ஆனால் அந்த ஒரு இடத்தில் மட்டும் சொல்லவில்லை, அதனால்தான் நான் செய்த வண்டிகளுக்கு நானே விஷம் வைக்க வேண்டியிருந்தது.

நீ கேட்ட லாரியைக் கருப்பையா அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். பஞ்சு சுற்றி மரப்பெட்டியில் வைத்திருக்கிறது. கேபின் கூரையை மட்டும் ஒட்டவில்லை, தூக்கினால் வரும். பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு மருந்துக் குப்பி இருக்கும், தக்கை போட்டு மெழுகால் மூடியிருக்கிறேன். உள்ளே இரண்டு பாச்சை உருண்டை. மண்டபத்தில் ஒலிபெருக்கி இருக்கும். அதை வாங்கி, ‘இத எங்கம்மா செஞ்சாங்க, அந்த ஏழும் எங்கம்மாதான் செஞ்சாங்க, அன்னைக்கு நான் பொய் சொன்னேன்’ என்று சொல்லிவிட்டு லாரியைக் கொடு. மூன்றே பேச்சு. அவர் அதை வாங்கிக்கொண்டுபோய் எந்த அலமாரியில் வேண்டுமானாலும் வைக்கட்டும், நான் மறுபடி கேட்கமாட்டேன், குப்பியை நீ குப்பையில் போட்டுவிடலாம். வாய் வராது என்றால், குப்பியைத் திறந்து அப்பா உட்காருகிற இடத்தில் இரண்டையும் போட்டு, கூரையை மூடி அவர் கையில் கொடு. புது ஆபீஸும் தகரக் கூரைதான் என்று கேள்விப்பட்டேன். சந்திரன் செய்த லாரி என்று ஒரே ஒரு வியாபாரி அதைப் பார்த்துச் சொல்வதற்குள் அது கூழாகிவிட்டால் எனக்குச் சம்மதம், உன் அப்பாவுக்கும் சம்மதமாகத்தான் இருக்கும்.

எதுவும் சொல்லாமல், எதுவும் போடாமல் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. நான் உன் பெரியப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவேன். வாங்கிக்கொண்டு வந்ததும், “குடுங்க மாமா, ஒரு தடவ பாத்துக்கிறேன்” என்று கேட்டு வாங்கி, கூரையைத் தூக்கி மோந்து பார்ப்பேன். வாசனை வரவில்லையென்றால் கவலையில்லை, என் முந்தானை முடிச்சில் இன்னும் இரண்டு இருக்கும்.

இப்படிக்கு,
அந்த எட்டையும் செய்த உன் அம்மா